7.8 சிஜிபிஏ, ரெண்டு அரியர்: வெளிநாட்டு விண்ணப்பத்தில் இதை எப்படிக் காட்டுவது?

நெல்லைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு தனியார் கல்லூரியில் இசிஇ கடைசி வருஷம் படிக்கிறேன், 2021 ரெகுலேஷன், அதாவது அந்த வருஷப் பாடத்திட்ட விதிகள். ஏழாவது செமஸ்டர் வரை சிஜிபிஏ, அதாவது 10-க்குக் கணக்கிடும் மொத்தச் சராசரி, 7.8. மூன்றாவது செமஸ்டரில் ரெண்டு பேப்பர் போனது, அடுத்த முறை எழுதியபோதே கிளியர் ஆகிவிட்டது. ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் போகவேண்டும் என்பதுதான் முதல் எண்ணம், அமெரிக்காவிலும் ரெண்டு மூன்று இடத்துக்குப் போட்டு வை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு படிவத்திலும் மார்க்கை ஒவ்வொரு மாதிரி கேட்கிறார்கள். ஒரு இடத்தில் 4-க்கு எவ்வளவு, இன்னொரு இடத்தில் சதவீதம், ஜெர்மனியில் 1 எடுத்தால்தான் பெரிய மார்க்காம். கன்சல்டன்சியில் கேட்டால் 7.8-ஐ 10-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கு, 3.12 வரும், அதைப் போட்டுவிடு என்கிறார். இன்னொரு கன்சல்டன்சிக்காரர் அரியரைப் பற்றி எங்கேயும் மூச்சு விடாதே, எல்லா செமஸ்டரும் சேர்ந்த கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட் வந்ததும் அதை மட்டும் அனுப்பு, யாருக்கும் தெரியாது என்கிறார்.

அது போக டிபார்ட்மென்ட்டில் ஏழாவது ரேங்க், என்பிடெல் இணையப் படிப்பில் ரெண்டு கோர்ஸ், அதில் ஒன்று எலைட் சில்வர், ஒரு சிம்போசியத்தில் பேப்பர் பிரசன்டேஷனுக்கு முதல் பரிசு, என்சிசி சி சர்டிபிகேட் இதெல்லாம் கையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஃபைல் பார்ப்பவருக்கு இதில் எதாவது புரியுமா, இல்லை சும்மா இடத்தை அடைக்கிறதா? அனுபவப்பட்ட அண்ணன் அக்காமார் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆஹன்வாசி:

தம்பி, முதலில் அந்த 3.12-ஐ அழித்துவிடு. ஜெர்மன் படிவத்தில் அதற்கு வேலையே கிடையாது. உன் மார்க்கை மாற்றும் வேலை உன்னுடையது இல்லை, அவர்களுடையது. நீ கொடுக்க வேண்டியது மூன்றே எண்: எடுத்தது 7.8, அதிகபட்சம் 10, பாஸ் ஆகக் குறைந்தபட்சம் எவ்வளவு என்பது. இந்த மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் உன் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். அங்கே பவேரிய ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 10-லிருந்து உன் மார்க்கைக் கழித்தால் 2.2. 10-லிருந்து பாஸ் மார்க்கைக் கழித்தால், உன் ரெகுலேஷனில் சி கிரேடுக்கு 5 பாயின்ட் என்பதால், 5. முதலாவதை ரெண்டாவதால் வகுத்து 3-ஆல் பெருக்கி 1 கூட்டு. 2.32 வருகிறதா? அதுதான் ஜெர்மன் கணக்கில் உன் மார்க். இதே 7.8-ஐ 2017 ரெகுலேஷன்காரர் ஒருவர் எடுத்திருந்தால், அவருக்குப் பாஸ் கிரேடில் கடைசி பி, அதற்கு 6 பாயின்ட். 6-ஐ வைத்துப் போட்டால் 2.65. வேறொரு பல்கலையில் 4 தான் பாஸ் என்றால் 2.1. பல கோர்ஸ்களில் 2.5 வரைதான் எடுப்போம் என்று எழுதியே வைத்திருப்பார்கள், அப்படியானால் ஒரே 7.8-தான் ஒருவனை உள்ளே விடுகிறது, இன்னொருவனை வெளியே நிறுத்துகிறது. இதைச் சீனியரைக் கேட்டு நிரப்பாதே, அவர் ரெகுலேஷன் வேறு.

அதனால் கிரேடு விளக்கம் அச்சடித்திருக்கும் பக்கத்தைக் கட்டாயம் ஸ்கேன் பண்ணு. பெரும்பாலும் மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், ஓ என்றால் 10, ஏ பிளஸ் என்றால் 9 என்று வரிசையாக. எல்லோரும் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பிவிட்டு, ஏன் குறைத்துப் போட்டார்கள் என்று புலம்புவார்கள்.

அரியர் விஷயத்துக்கு வருகிறேன். மறைக்கச் சொன்ன அந்த மகானுபாவருக்கு ஏ.பி.எஸ். என்று ஒன்று இருப்பது தெரியுமா என்று கேள். 2022 நவம்பர் 1-லிருந்து இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மனிக்குப் படிக்கப் போக அந்தச் சான்றிதழ் வேண்டும், கட்டணம் 18,000 ரூபாய். உன் சான்றிதழெல்லாம் உண்மைதானா என்று சரிபார்ப்பதற்காகவே வைத்த ஏற்பாடு அது. அங்கே ஒவ்வொரு செமஸ்டர் மார்க்‌ஷீட்டும் போகும். கன்சாலிடேட்டட் மட்டும் அனுப்பினாலும் மூன்றாவது செமஸ்டர் பாடத்துக்கு நேரே நவம்பர்/டிசம்பருக்குப் பதில் அடுத்த ஏப்ரல்/மே என்று இருந்தால், கண் இருக்கிறவனுக்குத் தெரியாதா? ரெண்டு அரியரால் யாரும் உன்னைத் தூக்கி வெளியே போடப் போவதில்லை. ஒளித்தது தெரிந்தால் போடுவார்கள்.

அப்புறம் அனாபின் என்று ஒரு தளம், வெளிநாட்டுப் பல்கலைக்கு ஜெர்மனியில் அங்கீகாரம் உண்டா என்று காட்டுவது. அதில் உன் காலேஜ் பெயரைத் தேடி, இல்லையே என்று பதறாதே. பட்டம் கொடுப்பது அண்ணா பல்கலைக்கழகம், அதைத் தேடு, எச் பிளஸ் என்று இருக்கும், அங்கீகாரம் உண்டு என்று அர்த்தம்.

செலவையும் இப்போதே கணக்குப் போட்டுக்கொள். யூனி அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையம் வழியாகப் போகிற பல்கலைகளுக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. கடைசித் தேதி பல இடங்களில் ஜூலை 15 என்றாலும் சில பல்கலைகள் அதற்கு ரொம்ப முன்னாடியே கடையைச் சாத்திவிடும், ஏ.பி.எஸ். கைக்கு வர எடுக்கும் நாளையும் சேர்த்துப் பார்.

டாலஸ்தமிழச்சி:

ஆஹன்வாசி சொன்னது ஜெர்மனிக்கு. அமெரிக்காவுக்கும் அடிப்படை அதேதான், ஆனால் நடைமுறை வேறு.

இங்கே ஒவ்வொரு பல்கலையும் தனித் தனி ராஜ்யம். நிறைய இடங்களில் படிவத்திலேயே சொல்லியிருப்பார்கள், மார்க்கை உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், மாற்றாதீர்கள் என்று. அங்கே 7.8 என்று போட்டு, அளவு 10 என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. சில இடங்களில் மட்டும் வெளி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். டபிள்யூ.இ.எஸ். அதில் பிரபலம், நேசஸ் என்ற கூட்டமைப்பில் இருக்கும் வேறு சில நிறுவனங்களையும் ஏற்பார்கள். கேட்காத இடத்துக்குக் காசு கொடுத்து எடுக்காதே.

கேட்டால், பாடம் பாடமாகப் பிரித்துக் காட்டும் அறிக்கையா, வெறும் பட்டத்தை மட்டும் சொல்லும் அறிக்கையா என்று பார்த்து எடு. கனடா குடியேற்றத்துக்கு எடுக்கிற ஈ.சி.ஏ. என்ற கல்வி மதிப்பீடு வேறு. அண்ணன் பி.ஆர்.-க்கு எடுத்தானே, அதே மாதிரி எடுத்தால் போதாதா என்று நினைத்து எடுத்துவிட்டு மறுபடி காசு கட்டுகிற ஆட்களை நிறையப் பார்க்கிறேன்.

அந்த 4-ஆல் பெருக்குகிற கணக்கு ஏன் தப்பு என்றால், அது உனக்கே நஷ்டம். நம் ஊரில் 60 சதவீதம் முதல் வகுப்பு, 75 எடுத்தால் தெருவே பேசும். இங்கே பள்ளிப் பிள்ளைகூட 90 எடுக்கும். இது மதிப்பீட்டு நிறுவனங்களுக்குத் தெரியும். அதனால் நம் 60-க்கு மேல் உள்ள மார்க்கைப் பொதுவாக இங்கத்திய ஏ-க்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டோடு சேர்த்து. நீயாகப் பெருக்கிப் போட்ட 3.12-ஐ விட அது மேலேயே வர வாய்ப்பு அதிகம். அதைத் தெரிந்துகொண்டு 3.7 என்று நீயாகவே போட்டுவிடவும் கூடாது, டிரான்ஸ்கிரிப்டில் அந்த எண் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

பிரிட்டனுக்கும் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே முதல் வகுப்பு என்றால் 70-க்கு மேல், 60-லிருந்து 69 வரை ரெண்டாம் வகுப்பில் மேல்பாதி. 63 சதவீதத்தை வைத்துக்கொண்டு ரெஸ்யூமில் முதல் வகுப்பு என்று மட்டும் போட்டால், பார்க்கிறவர் ஒன்றை நினைப்பார், மார்க்‌ஷீட் வேறொன்றைச் சொல்லும். வகுப்பையும் எண்ணையும் சேர்த்தே எழுது.

அரியரைப் பற்றி எஸ்.ஓ.பி.-யில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) ஒரு பாரா அழாதே. கேட்டால் ஒரு வரி போதும்: இந்த ரெண்டு பாடம், இந்தத் தேர்வில் முடித்தேன், அதற்கப்புறம் அதைச் சார்ந்த பாடத்தில் இந்த கிரேடு. சிக்னல்ஸ் போய், பின்னால் டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்கில் ஏ பிளஸ் வாங்கியிருந்தால் அதுவே பேசும்.

ஓய்வுபெற்றவாத்தியார்:

நான் பொறியியல் கல்லூரியில் பல வருஷம் பாடம் நடத்தியவன், பையன்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கை தேய்ந்தவன். மார்க் பற்றி மேலே இருவரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள், நான் ரேங்க் பற்றிச் சொல்கிறேன்.

தம்பி, ஏழாவது ரேங்க் என்று மட்டும் எழுதினால் அது ஒன்றும் சொல்லாது. எத்தனை பேரில் ஏழு? பத்துப் பேரிலா, நூற்று இருபது பேரிலா? எச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்தோடு காலேஜ் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கு. அதில் உன் பேட்ச்சில் மொத்தம் எத்தனை பேர், நீ எத்தனையாவது, முதலிடத்தில் இருப்பவரின் சிஜிபிஏ எவ்வளவு, இந்த மூன்றும் இருக்கட்டும். டாப்பரே 8.6 தான் என்றால் உன் 7.8-க்கு ஒரு நிறம் வந்துவிடுகிறது பார். படியைக் காட்டாமல் அரிசி அளந்த கதையாகத்தான் நம் பிள்ளைகள் மார்க்கைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். டிபார்ட்மென்ட் ரேங்கையும் பல்கலைக்கழக ரேங்கையும் மட்டும் குழப்பிவிடாதே, யூனிவர்சிட்டி ரேங்க் என்று தெரியாமல் எழுதினால்கூட அது பொய்தான்.

என்பிடெல் நல்ல விஷயம். எலைட் சில்வர் என்று போட்டால் வெளிநாட்டில் யாருக்கும் புரியாது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் படிப்பு, நேரில் போய் எழுதும் தேர்வு, 75-லிருந்து 89-க்குள் மார்க் என்று அரை வரியில் எழுது. கோர்ஸ் எத்தனை வாரம் என்பதையும் போடு, எட்டு வாரமும் பன்னிரண்டு வாரமும் ஒன்றில்லை. சிம்போசியம் பரிசைப் போடலாம், ஆனால் அதைச் சர்வதேச மாநாட்டில் ஆய்வுக்கட்டுரை என்று ஊதிப் பெருக்காதே. பக்கத்துக் காலேஜில் நடந்த ஒருநாள் நிகழ்ச்சி அது, உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். தலைப்பையும் நீ என்ன செய்தாய் என்பதையும் எழுதினால், பரிசைவிட அதுதான் படிப்பவரை நிறுத்தும்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர். பையனும் இணையத்தில் இருந்து ஒன்றை எடுத்து, கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், குழுவாக வேலை செய்வார் என்று மூன்று கடிதத்துக்கும் ஒரே நடையில் எழுதிக்கொண்டு வருவான். மூன்று பேரும் ஒரே மாதிரி கமா போடுவதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். உன்னை லேபில் பார்த்தவர், புராஜெக்ட்டில் சண்டை போட்டவர் யாரோ அவரிடம் கேள். புகழ் பெற்ற பிரின்சிபால் வேண்டாம், அவருக்கு உன் முகமே தெரியாது. உன்னைத் தெரிந்த அந்த ஆசிரியரிடம் உன் புராஜெக்ட் அறிக்கையையும் மார்க்கையும் கொடுத்து, நீங்களே எழுதுங்கள் சார் என்று பணிவாக, கொஞ்சம் விடாப்பிடியாகக் கேள். கல்லூரி மின்னஞ்சலில் இருந்து அனுப்பச் சொல், தனிப்பட்ட ஜிமெயிலில் இருந்து வருவதைப் பல பல்கலைகள் ஏற்பதில்லை.

தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் பட்டம் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தாலும் மார்க்‌ஷீட்டும் டிரான்ஸ்கிரிப்டும் உங்கள் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம்தான். கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறிப் போய் திரும்பி வர வேண்டாம்.

பருத்தித்துறை:

இங்கே எல்லாரும் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள், எங்கள் பக்கப் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன்.

இலங்கையில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்து வெளிநாட்டுக்கு இளங்கலைக்குப் போடுகிற பிள்ளைகள் பெறுபேற்றுத் தாளில் இருக்கிற இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும் மறைத்துவிட்டு ஏ, பி மட்டும் போடுவார்கள், அல்லது இசட் புள்ளி 1.8 என்று ஒரு விளக்கமும் இல்லாமல் போடுவார்கள். ரெண்டும் பிழை. பாடங்களுக்கு இடையே உள்ள கடினத்தைச் சமப்படுத்தி, சராசரியில் இருந்து எவ்வளவு தூரம் என்று காட்டுகிற எண் அது, நாட்டுக்குள் பல்கலைக்கழக அனுமதியே அதை வைத்துத்தான் என்று ஒரு வரி எழுதினால், கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். எங்கள் ஏ 75-க்கு மேல், எஸ் என்கிற சாதாரண சித்தி 35-லிருந்து 54 வரை. லண்டன் ஏ.எல். எழுத்துக்களும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், எந்தப் பரீட்சை, இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தியதா என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் சான்றிதழைத் திணைக்களத்தில் இருந்தே எடுக்கலாம், மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கத் தேவையில்லை.

பட்டம் முடித்தவர்களுக்கு வேறு சிக்கல். எங்கள் ஜிபிஏ 4-க்குத்தான், பொதுவாக 3.7-க்கு மேல் முதல் வகுப்பு, 3.3-க்கு மேல் ரெண்டாம் வகுப்பு மேல்பிரிவு. அமெரிக்காவும் 4, நாங்களும் 4 என்பதால் 3.4-ஐ அப்படியே பார்த்துவிட்டு, சரி சுமார் என்று கடந்துவிடுவார்கள். அதனால் வகுப்பையும் சேர்த்துக் காட்டுங்கள், பதிவாளரிடம் இருந்து வகுப்பு குறிப்பிட்ட கடிதம் எடுக்கலாம்.

வாத்தியார் ஐயா பரிந்துரைக் கடிதம் பற்றிச் சொன்னது எங்கள் பக்கமும் அச்சு அசல் அதே.

நெல்லைக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரேங்க் கடிதத்துக்கு எச்ஓடி சாரிடம் பேசிவிட்டேன், 118 பேரில் ஏழாவது, டாப்பர் 8.9. இன்னும் ரெண்டு சந்தேகம் மட்டும். மார்க்‌ஷீட்டில் என் பெயருக்குப் பின்னால் ஒரு இனிஷியல்தான், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேமாக இருக்கிறது. இது பிரச்சினை ஆகுமா? என்சிசி பற்றி யாருமே சொல்லவில்லையே.

டாலஸ்தமிழச்சி:

பெயர் பிரச்சினை நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். படிவத்தில் எப்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடு, விசா வரை அதுதான் ஓடும். மார்க்‌ஷீட்டில் சரவணன் எம், பாஸ்போர்ட்டில் சரவணன் முருகேசன் என்றால், ரெண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி முன்னால் ஒரு அஃபிடவிட் எடுத்து ஸ்கேன் பண்ணி வைத்துக்கொள், கேட்டால் கொடுக்கலாம். உனக்குப் பரவாயில்லை, சர்நேம் இடத்தையே காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு., அதாவது முதல் பெயர் தெரியாது, என்று வந்துவிடும், அப்புறம் வங்கியில் இருந்து லைசென்ஸ் வரை அந்தப் பெயரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

என்சிசி-யை அமெரிக்க ரெஸ்யூமில் ஒரு வரி போடலாம், மூன்று கட்டத் தேர்வில் கடைசிக் கட்டம் என்ற விளக்கத்தோடு.

ஆஹன்வாசி:

ஜெர்மனிக்கு என்சிசி வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே பாடப் பொருத்தம்தான் பெரிய விஷயம். கோர்ஸ் பக்கத்தில், மின்னணுவியலில் இத்தனை கிரெடிட், கணிதத்தில் இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள், ஒரு வருஷப் படிப்புக்கு 60 ஐரோப்பிய கிரெடிட் என்பது அவர்கள் கணக்கு. சில பல்கலைகள் உன் பாடங்களை அந்தத் தலைப்புகளின் கீழ் நீயே அடுக்கி ஒரு அட்டவணை நிரப்பச் சொல்லும். என்சிசி-க்குச் செலவழிக்கிற நேரத்தை அதில் போடு. டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர் எப்படி இருக்கிறதோ ஒரு எழுத்து மாறாமல் எழுது, பாடக்குறியீட்டையும் சேர்த்து. நெட்வொர்க்ஸ் என்று இருப்பதை நீயாக அட்வான்ஸ்டு கம்யூனிகேஷன் நெட்வொர்க்ஸ் என்று அழகுபடுத்தினால், தேடிப் பார்த்துவிட்டுக் கிரெடிட்டை அடித்துவிடுவார்கள். உன் ரெகுலேஷனின் சிலபஸ் பிடிஎஃப் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது, அதில் நீ படித்த பாடங்களின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து ஒரே ஃபைலாக வைத்துக்கொள். முழு பிடிஎஃப்-ஐயும் ஏற்றாதே, உன் எலெக்டிவ் எது என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

118-ல் ஏழு, டாப்பர் 8.9. இதை எஸ்.ஓ.பி.-யில் முதல் பக்கத்திலேயே போட்டுவிடு.